குருவின் மௌனமும் நியாயஸ்தலத்தின் கேள்வியும்

தான் செய்த குற்றத்தை மற்றொருவரிடம் வாய்விட்டுச் சொல்லி மனப்பாரம் நீங்கப் பெறும் வழக்கம் பல சமயங்களில் பல வடிவங்களில் இருந்து வந்திருப்பினும், அவ்வாறு சொல்லக் கேட்ட குருவானவர் தம் உயிருக்கே ஆபத்து நேர்ந்தாலும் அதை எவரிடத்தும் வெளியிடலாகாது என்று விதித்து, அவ்விதியை மீறியவருக்குத் தண்டனையும் வகுத்து, அதனை எழுதப்பட்ட சட்டமாகவே மிகத் திட்டமாக நிலைநிறுத்தியது கத்தோலிக்கத் திருச்சபை. 1215ஆம் ஆண்டு ரோமாபுரியில் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், வயதுவந்த கிறிஸ்தவர் யாவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும் என்று கட்டளையிட்ட அதே விதியிலேயே, அங்ஙனம் கேட்ட பாவத்தை வெளியிடத் துணியும் குரு பதவியிழந்து, கடுமையான நியமங்களுடைய மடமொன்றில் ஆயுள் முழுதும் பிராயச்சித்தம் செய்து கிடக்கக் கடவன் என்றும் எழுதி வைத்தது. இன்று நடைமுறையிலுள்ள திருச்சபைச் சட்டத்தின்படி, இந்த இரகசியத்தை நேராக உடைக்கும் குரு, யாரும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லாமலே, அச்செயலைச் செய்த கணத்திலேயே சபைப் பிரஷ்டத்துக்கு உள்ளாகிறார். அதிலிருந்து அவரை விடுவிக்கும் அதிகாரம் பாப்பரசரின் பீடத்துக்கே உரியது.

இராஜாங்கத்துக்கும் இதற்கு நேர் எதிரான ஒரு சட்டம் உண்டு. குற்றம் ஒன்றைப் பற்றி எவனுக்கு எது தெரிந்திருந்தாலும் அதை நியாயஸ்தலத்தில் வந்து சொல்லக் கடமைப்பட்டவன் என்பதும், அக்கடமையினின்று பிரபுவும் பிரஜையும் ஒருங்கே தப்ப முடியாது என்பதும் ஆங்கிலேய நியாய முறையின் அடிப்படைப் பிரமாணங்கள். இவ்விரண்டு சட்டங்களும் ஒரே மனிதரின் நாவின்மேல் ஒரே வேளையில் வந்து அமரும்போது நேர்வது என்ன என்பதை ஐரோப்பியச் சரித்திரம் பல இடங்களில் காட்டியிருக்கிறது. ஆயினும் அந்தக் கேள்வி முறைப்படி எழுப்பப்பட்டு, இரு புறமும் வாதிக்கப்பட்டு, காரணம் சொல்லித் தீர்க்கப்பட்ட இடத்தைக் காண விரும்புகிறவர் 1813ஆம் ஆண்டு ஜூன் மாதத்து நியூயார்க் நகரத்துக்குத்தான் செல்ல வேண்டும்.

அந்நகரத்தில் அக்காலத்துக் கத்தோலிக்கரின் நிலை இன்னதென்று முதலில் அறிந்து கொள்ளாவிட்டால் அத்தீர்ப்பின் அருமை விளங்காது. 1700ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஒரு சட்டம், நியூயார்க் எல்லைக்குள் அகப்படும் சேசு சபைக் குருக்களுக்கும் ஏனைய கத்தோலிக்கக் குருக்களுக்கும் ஆயுட்காலச் சிறைவாசம் விதித்திருந்தது. பிரிட்டிஷ் ஆதிக்கம் நீங்கிய பின்னர், 1784இல்தான் அது ரத்தாயிற்று. மறு வருஷம் பார்க்லே தெருவில் பரிசுத்த பேதுருவின் பெயரால் அந்நகரத்தின் முதல் கத்தோலிக்கக் கோவிலுக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதன் பிறகும் இருபது வருஷ காலம், உத்தியோகம் ஏற்கும் கத்தோலிக்கர் பாப்பரசருக்குக் கீழ்ப்படிவதைக் கைவிடுவதாகப் பிரமாணம் செய்தாக வேண்டியிருந்தது. 1806இல் அந்தப் பிரமாணம் நீக்கப்பட்டது. அதே வருஷத்துக் கிறிஸ்து ஜனன விழாவின்போது அக்கோவிலைச் சுற்றிக் கலகமும் மூண்டது. கோவிலுக்கு வந்தவர்களுள் பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து வறுமையாலும் அரசாங்கத்தின் கொடுமையாலும் துரத்தப்பட்டுக் கப்பலேறி வந்த ஏழைகள்: கூலிக்காரர், சிறு கடைக்காரர், வீட்டு வேலைக்காரப் பெண்கள். பலத்திலோ செல்வத்திலோ யாருக்கும் ஈடுகொடுக்க முடியாத சிறு கூட்டம் அது.

அக்கூட்டத்தின் மேய்ப்பராக இருந்தவர் அந்தோணி கோல்மன் என்ற சேசு சபைக் குரு. 1771இல் அல்சாஸ் பிரதேசத்தில் பிறந்து, பிரெஞ்சுப் புரட்சியின் கொந்தளிப்பில் நாடு விட்டு நாடு திரிந்து, 1806இல் அமெரிக்கா வந்து சேர்ந்து, 1808 முதல் நியூயார்க்கில் ஊழியம் செய்தவர். மேற்றிராணியார் இன்னும் வந்து சேராத மறைமாவட்டத்தின் பரிபாலனம் முழுவதும் அவர் தோள்மேல் இருந்தது.

வழக்கின் வரலாறு மிகச் சாதாரணமானது. அச்சாதாரணமே எனக்கு அதில் பெரிதும் பிடித்திருக்கிறது. ஜேம்ஸ் கீட்டிங் என்ற கத்தோலிக்க வர்த்தகரின் நகைகள் திருட்டுப் போயின. அவர் போலீஸாரிடம் முறையிட்டார். டேனியல் பிலிப்ஸ் என்பவரும் அவர் மனைவியும் அந்தத் திருட்டுச் சொத்தைத் தெரிந்தே வாங்கினார்கள் என்று சந்தேகம் எழுந்தது. விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே நகைகள் உரியவரிடம் திரும்பி வந்து சேர்ந்தன. அவற்றைக் கொண்டுவந்து கொடுத்தவர் கோல்மன் சுவாமியார். சொத்துக் கிடைத்துவிட்டபடியால் கீட்டிங் வழக்கை அத்துடன் விட்டுவிட எண்ணினார். ஆனால், நகைகள் யார் மூலம் வந்தன என்று போலீஸார் கேட்டபோது குருவின் பெயரைச் சொல்ல நேர்ந்தது. சுவாமியாரைப் போலீஸ் அலுவலகத்துக்கு அழைத்து, அவரிடம் கொடுத்தவர் யார் என்று கேட்டார்கள். அவர் சொல்ல மறுத்தார். கிராண்ட் ஜூரியின் முன் அழைத்தார்கள், அங்கும் மறுத்தார். வேறு சாட்சியங்களைக் கொண்டு பிலிப்ஸ் தம்பதிகள் மேல் குற்றச்சாட்டுத் தயாரித்து, விசாரணையில் மறுபடியும் சுவாமியாரையே சாட்சியாக அழைத்தார்கள்.

இவ்விடத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சரித்திரக்காரர் அவசரமாகக் கடந்து போய்விடுகிறார்கள். வழக்கை மேற்கொண்டு நடத்தாமல் விட்டுவிட அரசாங்கத் தரப்பு இணங்கியிருக்கக் கூடும். அப்படிச் செய்திருந்தால் குருவும் தப்பியிருப்பார், சபையாரும் நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். பேதுரு கோவிலின் தர்மகர்த்தர்கள் அதற்கு உடன்படவில்லை. இன்றைக்கு ஓர் அதிகாரியின் தயவால் கிடைக்கும் விடுதலை நாளைக்கு வேறோர் அதிகாரியின் கோபத்தால் பறிபோகும் என்பதை அயர்லாந்தில் அனுபவித்து அறிந்தவர்கள் அவர்கள். ஆகையால் இந்தக் கேள்வியை நியாயஸ்தலம் தீர விசாரித்து, இது தங்களுக்கு உரிமையா இல்லையா என்று வெட்டவெளிச்சமாகச் சொல்லிவிட வேண்டும் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். தோற்றிருந்தால் அவர்களுடைய குரு சிறைக்குப் போக வேண்டியிருந்திருக்கும். அதை அறிந்தே கேட்ட அந்த ஏழைச் சபையாரின் துணிவை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

சாட்சிக் கூண்டில் ஏறிய கோல்மன், மற்ற எந்தப் பிரஜையையும் போலத் தமக்குச் சாதாரணமாகத் தெரிந்த செய்தியைச் சொல்லத் தாம் கடமைப்பட்டவர் என்றும், அப்படித் தெரிந்திருந்தால் தயங்காமல் சொல்லியிருப்பார் என்றும், பாவசங்கீர்த்தனம் என்னும் தேவதிரவிய அனுமானத்தை நிறைவேற்றும் குருவாகத் தாம் அறிந்ததை மட்டும், மரணமே வந்தாலும், சொல்வதற்கில்லை என்றும் விஞ்ஞாபித்துக்கொண்டார். குடிமகனாக அறிந்தது வேறு, குருவாக அறிந்தது வேறு என்று அவரே தம் வாயால் வகுத்த இந்தக் கோடு, பின்னால் வந்த சட்டங்களுக்கெல்லாம் எல்லைக்கோடு ஆயிற்று.

அவருக்காக வாதிக்க ரிச்சர்ட் ரைக்கரும் வில்லியம் சாம்ப்ஸனும் முன்வந்தார்கள். சாம்ப்ஸன் கத்தோலிக்கர் அல்லர். அயர்லாந்தின் டெர்ரி நகரத்துப் புரொட்டஸ்டாண்டு குருவானவர் ஒருவரின் மகன். ஐக்கிய அயர்லாந்தியர் இயக்கத்தாருக்காக வழக்காடி, 1798 கலகத்தின்போது சிறைப்பட்டு, நாடு கடத்தப்பட்டு, போர்த்துக்கல், பிரான்ஸ் என்று அலைந்து, கோல்மன் வந்த அதே 1806இல் நியூயார்க் கரையேறியவர். தம் சமயத்தாரல்லாத ஏழைகளின் உரிமைக்காகத் தம் நாட்டையே இழந்த ஒருவர், அக்கரையிலும் அதே ஏழைகளுக்காக நியாயஸ்தலத்தில் எழுந்து நின்றார்.

எதிர்த்தரப்பில் பாரெண்ட் கார்டினியர் வாதித்தார். ஆங்கிலேயப் பொதுச் சட்டம் அமெரிக்காவுக்கும் உரியதே என்பதும், அச்சட்டம் குருவின் இரகசியத்தை அங்கீகரித்ததில்லை என்பதும் அவருடைய வாதம். அதற்கு அவர் முக்கிய ஆதாரமாகக் காட்டியது 1802இல் அயர்லாந்தில் நடந்த ஒரு வழக்கு. அதன் கதை ஒரு நாவலுக்குரியது. கார்க் நகரத்துக் கத்தோலிக்க மேற்றிராணியாராயிருந்த ஜான் பட்லர், டன்பாய்ன் பிரபு என்னும் பட்டம் தமக்கு வந்து சேர்ந்தபின், வம்சம் அற்றுப் போகாதிருக்க வேண்டித் தம் பதவியைத் துறந்து, புரொட்டஸ்டாண்டு சபையில் சேர்ந்து, முதுமையில் விவாகமும் செய்துகொண்டார். சந்ததி உண்டாகவில்லை. 1800இல் மரணப் படுக்கையில் பழைய சமயத்துக்கே திரும்பியவர், மேனூத் குருகுலத்துக்குத் தம் ஆஸ்தியின் ஒரு பகுதியை உயிலெழுதி வைத்துவிட்டு இறந்தார். அக்காலத்துக் கொடுஞ்சட்டங்களின்படி, கத்தோலிக்க சமயத்துக்குத் திரும்பியவர் எழுதிய உயில் நிலத்தைப் பொறுத்தவரை செல்லாது. எனவே, அவர் எந்தச் சமயத்தினராக இறந்தார் என்பதே வழக்காயிற்று. கடைசி நேரத்தில் உடனிருந்த வில்லியம் கஹன் என்னும் குருவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் சொல்ல மறுத்தார். அப்படி மறுக்கக் குருவுக்கு உரிமையில்லை என்று தீர்ப்பாயிற்று. டிரிம் நகரத்துச் சிறையிலும் அவரை வைத்தார்கள்.

இந்த முன்மாதிரியைக் கண்டு சாம்ப்ஸன் பின்வாங்கவில்லை. அயர்லாந்தில் கத்தோலிக்கனைக் கத்தோலிக்கனாக இருப்பதற்காகவே தண்டித்த சட்டங்களின் நிழலில் பிறந்த தீர்ப்பு, அச்சட்டங்களை விட்டு ஓடிவந்தவர்களை அவர்கள் தஞ்சம் புகுந்த நாட்டிலும் துரத்தி வரலாமா என்பது அவர் எழுப்பிய வினா. வாதத்தின் மற்றொரு பகுதி இன்னும் வலுவானது. இந்த வழக்கில் களவு போன பொருள் திரும்பக் கிடைத்ததற்கு ஒரே காரணம் பாவசங்கீர்த்தனமே. இரகசியம் நிச்சயம் என்ற நம்பிக்கை இல்லாதிருந்தால் எந்தத் திருடனும் குருவிடம் போகப் போவதில்லை, எந்தக் குருவும் அவனைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லப் போவதில்லை, எந்தக் கீட்டிங்கும் தன் நகையைக் காணப் போவதில்லை. ஆகவே குருவின் வாயைத் திறப்பதனால் நியாயஸ்தலம் அடையப் போவது ஒரே ஒரு சாட்சியம். இழக்கப் போவதோ இனி வரக்கூடிய அத்தனை பிராயச்சித்தங்களும் பரிகாரங்களும்.

நகரத்தின் பொது செஷன்ஸ் நியாயஸ்தலத்தில் அந்நாளில் மேயரே தலைமை வகிப்பது வழக்கம். அப்போது மேயராயிருந்தவர் டி விட் கிளிண்டன். பிற்காலத்தில் அந்த ராஜ்யத்தின் கவர்னராகி, ஈரி கால்வாயை வெட்டுவித்துப் புகழ் பெற்றவர் இவரே. 1813 ஜூன் 14ஆம் தேதி நியாயஸ்தலத்தின் ஏகமனதான தீர்ப்பை அவர் வாசித்தார். நியூயார்க்கின் 1777ஆம் வருஷத்து அரசியல் சாசனம், எல்லா மனிதருக்கும் பாரபட்சமின்றிச் சமய அனுஷ்டான சுதந்திரத்தை அளித்திருக்கிறது. கத்தோலிக்கரின் ஏழு தேவதிரவிய அனுமானங்களுள் பாவசங்கீர்த்தனம் ஒன்று. இரகசியம் அதன் உயிர்நிலை. அதைப் பறித்தால் அனுமானமே அழிந்துபோகும். புரொட்டஸ்டாண்டுகளின் ஞானஸ்நானத்திலும் இராப்போஜனத்திலும் அரசாங்கம் கைவைத்தால் அவர்கள் எப்படிப் பொறுப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னார். குருவைக் கட்டாயப்படுத்தினால், அவர் உண்மையைச் சொல்லித் தம் திருச்சபைக்குச் செய்த சத்தியத்தை உடைக்க வேண்டும், அல்லது பொய் சொல்லி நியாயஸ்தலத்தின் முன் செய்த பிரமாணத்தை உடைக்க வேண்டும். எப்பக்கம் திரும்பினாலும் பாதகம். ஒரு மனிதனை அத்தகைய தர்மசங்கடத்தில் நிறுத்தும் உரிமை நியாயஸ்தலத்துக்கு இல்லை என்று முடித்தார். அயர்லாந்துத் தீர்ப்பை, அடிமைப்பட்டுக் கிடக்கும் நாட்டின் தீர்ப்பாகக் கண்டு அவர் ஏற்க மறுத்தார்.

அதே சாசனத்தில் ஒரு நிபந்தனையும் இருந்தது: சமய சுதந்திரம் ஒழுக்கக்கேட்டுக்குச் சாக்காகவோ, ராஜ்யத்தின் அமைதிக்கும் பாதுகாப்புக்கும் விரோதமான செய்கைகளுக்கு நியாயமாகவோ பொருள் கொள்ளப்படலாகாது. கார்டினியர் அதைப் பற்றிக்கொண்டு வாதித்தபோது, சமயத்தின் பெயரால் ஒழுக்கத்தின் அடிப்படையையே எதிர்த்து நடந்து, ராஜ்யத்தின் நலனுக்குக் கேடு விளைக்கும் வரையில் மனிதருக்கு அவர்களுடைய அனுஷ்டானம் காக்கப்பட வேண்டும் என்று கிளிண்டன் விடையளித்தார். உரிமையை வழங்கிய தீர்ப்பே அதன் எல்லையையும் உடன் சொல்லி வைத்தது. அன்று அந்த எல்லையை யாரும் தொடவில்லை. ஒரு பெட்டி நகைதானே!

பிலிப்ஸ் தம்பதிகள் போதிய சாட்சியம் இல்லாமையால் விடுதலையானார்கள். தீர்ப்போ, நகர நியாயஸ்தலத்தினுடையதாகையால், நியாய அறிக்கைத் தொகுதிகளில் ஏறவில்லை. வழக்கு முழுவதையும் சாம்ப்ஸனே அவ்வருஷமே புத்தகமாக அச்சிட்டு வெளியிட்டார். பாவசங்கீர்த்தனத்தைப் பற்றிக் கோல்மன் எழுதிய விளக்கமும் அதில் பின்னிணைப்பாகச் சேர்ந்தது. அந்த ஒரு நூல் இல்லாவிட்டால் இன்று நமக்கு இவ்வழக்கின் வாசனையே கிட்டியிராது. குருவும் வக்கீலும், ஒரே வருஷம் அமெரிக்கா வந்தது போலவே ஒரே வருஷம், 1836இல், ஒருவர் ரோமாபுரியிலும் மற்றவர் நியூயார்க்கிலுமாக மரணமடைந்தனர்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1817இல், அதே ராஜ்யத்தில் புரொட்டஸ்டாண்டு போதகர் ஒருவரிடம் ஒருவன் சொன்ன குற்ற ஒப்புதல் நியாயஸ்தலத்தின் முன் வந்தபோது, நியாயாதிபதி அதைச் சாட்சியமாக ஏற்றுக்கொண்டார்: கத்தோலிக்கக் குருவைப்போல் அந்தப் போதகருக்கு இரகசியம் காக்கும் விதி எதுவும் அவருடைய சபையில் இல்லை என்பது காரணம். சிறுபான்மையோருக்கு உள்ள பாதுகாப்புப் பெரும்பான்மையோருக்கு இல்லை என்ற இந்த நிலை நீடிக்க முடியாது. 1828இல் நியூயார்க் சட்டசபை ஒரு விதி இயற்றியது: எந்தச் சபையைச் சேர்ந்த போதகரானாலும் குருவானாலும், தம் பதவியின் நிமித்தம், தம் சபையின் விதி அல்லது வழக்கப்படி அமைந்த ஒழுங்குமுறையில் தம்மிடம் செய்யப்பட்ட பாவ அறிக்கையை வெளியிட அனுமதிக்கப்படலாகாது. அமெரிக்காவின் ஐம்பது ராஜ்யங்களிலும் இன்று இவ்வகைச் சட்டம் ஏதேனுமொரு வடிவத்தில் உண்டு. ஆனால் அதன் வாசகத்தைக் கவனித்துப் படிப்பவருக்கு, அது குருவைச் சுற்றி எழுப்பிய மதில் அல்லவென்பது தெரியும். பதவியின் நிமித்தம் கேட்டிருக்க வேண்டும். சபையின் ஒழுங்குக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். விருந்தில் கேட்டதும், கணக்குப் புத்தகத்தில் கண்டதும், கண்ணால் பார்த்ததும் அதனுள் அடங்கா.

இங்கிலாந்து வேறு வழியில் சென்றது. ஆங்கிலேயத் திருச்சபையின் 1603ஆம் வருஷத்து விதிகளுள் 113ஆவது விதி, தம்மிடம் சொல்லப்பட்ட இரகசியக் குற்றங்களை வெளியிடலாகாதென்று போதகர்களைத் தடுத்தது. மறைத்தால் மறைத்தவருடைய உயிருக்கே சட்டப்படி அபாயம் விளையக்கூடிய குற்றங்கள் மட்டும் அதற்கு விலக்கு. இப்படித் திருச்சபை சொல்லியிருந்தும் நியாயஸ்தலங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. 1860இல் டர்ஹாம் நகரத்தில் நடந்த வழக்கு, கோல்மன் வழக்கின் மறுபிறப்பு என்றே சொல்லத்தக்கது. திருடப்பட்ட ஒரு கடிகாரத்தை ஒரு கத்தோலிக்கக் குரு போலீஸாரிடம் ஒப்படைத்தார். யார் கொடுத்தது என்று கேட்டபோது, பாவசங்கீர்த்தனத்தின் தொடர்பாக வந்தது, சொல்ல இயலாது என்றார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை நான் கேட்கவில்லை, கடிகாரம் யார் கையிலிருந்து வந்தது என்ற நிகழ்ச்சியை மட்டுமே கேட்கிறேன் என்றார் நியாயாதிபதி ஹில். குரு மறுத்தார், நியாயஸ்தல அவமதிப்புக்காகக் காவலில் வைக்கப்பட்டார். ஒரே விதமான செய்கை, ஒரே விதமான நற்பயன். ஒரு நாட்டில் மரியாதை, மற்றொரு நாட்டில் காவல். சொல்லையும் பொருளையும் இப்படிப் பிரித்த ஹில்லின் வாதம் பார்வைக்குக் கூர்மையாயினும், அடுத்த முறை கடிகாரம் ஆற்றுக்குள் போகுமேயன்றிக் குருவின் கைக்கு வராது என்பதை அது கணக்கில் கொள்ளவில்லை.

அந்த 1860இலேயே, ரோட் என்னும் சிற்றூரில் மூன்று வயதுக் குழந்தையொன்று நள்ளிரவில் கொலையுண்டு கிடந்தது. ஸ்காட்லந்து யார்டின் துப்பறியும் அதிகாரி ஜோனதன் விச்சர், குழந்தையின் தாய் வேறான சகோதரியான பதினாறு வயதுக் கான்ஸ்டன்ஸ் கென்ட் மேல் சந்தேகம் கொண்டு கைதுசெய்தார். ருசு போதாமல் அவள் விடப்பட்டாள். விச்சரின் பெயர்தான் கெட்டது. ஐந்தாண்டுக்குப் பின் பிரைட்டன் நகரத்து ஆங்கிலேயத் திருச்சபைக் குரு ஆர்தர் வாக்னரிடம் அப்பெண் பாவ அறிக்கை செய்து, 1865 ஏப்ரல் மாதம் அவர் உடன்வர, லண்டன் போ தெரு மாஜிஸ்திரேட்டின் முன் தானே சென்று சரணடைந்தாள். வாக்னரைச் சாட்சியாக விசாரித்தபோது, அவள் அந்தரங்கமாகச் சொன்னவற்றை வெளியிட அவர் மறுத்தார். மாஜிஸ்திரேட்டுகள் வற்புறுத்தாமல் விட்டார்கள். ஜனங்களோ விடவில்லை, பிரைட்டன் வீதிகளில் அவர் தாக்கப்பட்டார். பிரபுக்கள் சபையில் கேள்வி எழுந்தபோது, குருமாருக்கு அத்தகைய உரிமை எதுவும் இங்கிலாந்தின் சட்டத்தில் இல்லை என்று சான்ஸலர் வெஸ்ட்பரி பிரபு திட்டமாகச் சொல்லிவிட்டார். மரண தண்டனை ஆயுள் தண்டனையாக மாற்றப்பெற்ற கான்ஸ்டன்ஸ், இருபது வருஷம் சிறையிலிருந்து, ஆஸ்திரேலியா சென்று, வேறு பெயருடன் தாதியாகத் தொண்டு புரிந்து, 1944இல் தன் நூறாம் வயதில் இறந்தாள். குருவின் மௌனம் அவளைச் சட்டத்தினின்று மறைக்கவில்லை; அவளைச் சட்டத்தின் வாசலுக்கே அழைத்து வந்தது என்பதை அன்று வாக்னர்மீது கல்லெறிய வந்தவர்கள் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

சட்ட சாஸ்திரிகளுள் பெந்தாம், வக்கீலுக்கும் கட்சிக்காரனுக்கும் இடையிலுள்ள இரகசியத்தைச் சட்டம் காக்கக் கூடாதென்று வாதிட்டவர். எந்தச் சமயத்திலும் பற்றில்லாதவர். அவரே கத்தோலிக்கக் குருவைக் கட்டாயப்படுத்துவது கொடுங்கோன்மை என்றும், அதனால் கிடைக்கப் போவது ஒன்றுமில்லை என்றும் எழுதினார். ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன், இங்கிலாந்தின் சாட்சியச் சட்டம் உருவான காலம் கத்தோலிக்கக் குருக்களுக்குச் சலுகை அளிக்கக்கூடிய காலமல்ல என்று, அச்சட்டத்தின் பாரபட்சத்துக்குச் சரித்திர காரணத்தைக் காட்டினார். இந்த ஸ்டீபன்தான் நமக்குச் சட்டம் எழுதித் தந்தவர். வைஸ்ராயின் ஆலோசனைச் சபையில் சட்ட அங்கத்தினராயிருந்து அவர் வகுத்த 1872ஆம் வருஷத்து இந்தியச் சாட்சியச் சட்டம், கணவன் மனைவியரின் அந்தரங்கத்துக்கு 122ஆம் பிரிவிலும், வக்கீலின் அந்தரங்கத்துக்கு 126ஆம் பிரிவிலும் இடம் தந்தது; குருவானவருக்கு ஒரு வரியும் தரவில்லை. பாவசங்கீர்த்தனம் நம் நாட்டில் அன்று புதிதாக வந்து இறங்கியதுமன்று. தமிழ் எழுத்தில் அச்சேறிய ஆதி நூல்களுள் ஒன்றே முத்துக்குளித்துறைக் கிறிஸ்தவர்களுக்காக அண்டிரிக் அடிகள் இயற்றி, 1580இல் கொச்சியில் அச்சான கொம்பெசியோனாயரு என்னும் பாவசங்கீர்த்தனக் கைந்நூல். முந்நூறு வருஷங்களாகக் கடற்கரை ஊர்களில் வேரூன்றிய ஓர் அனுஷ்டானத்தைப் பற்றிச் சட்டம் வாய் திறக்காமல் இருந்துவிட்டது.

இந்த விவாதம் அதன் பழைய உருவில் இனி இருக்க முடியாதபடி செய்தவை, குழந்தைகளுக்குக் குருமாரும் சபை ஊழியரும் இழைத்த கொடுமைகள் பல நாடுகளில் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்ட நிகழ்ச்சிகள். ஆஸ்திரேலியாவின் ராயல் கமிஷன் 2017இல் வெளியிட்ட முடிவான அறிக்கை, பாவசங்கீர்த்தனத்தில் அறிந்ததாயினும் குழந்தைக்கு நேர்ந்த கொடுமையை அறிவித்தாக வேண்டும் என்று சிபாரிசு செய்தது. விக்டோரியா ராஜ்யம் 2019இல் அதைச் சட்டமாக்கி, மீறுவோருக்கு மூன்று வருஷம் வரை சிறை வகுத்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் ராஜ்யத்தில் 2025 மே மாதம் கையொப்பமான இதுபோன்ற சட்டத்தை, பாவசங்கீர்த்தனத்தைப் பொறுத்தவரை, கூட்டாட்சி நியாயஸ்தலம் ஜூலையிலேயே தடுத்து நிறுத்தியது. என் மனம் இவ்விடத்தில் எளிதாக ஒரு பக்கம் சாயவில்லை. 1813இன் உரிமை, பலமற்ற சபையொன்றைப் பலமுள்ள இராஜாங்கத்தினின்று காக்கப் பிறந்தது. அந்த மௌனம் களவுகொடுத்தவனுக்கு அவன் பொருளை மீட்டுத் தந்தது. பலமுள்ள ஒரு ஸ்தாபனம், வாயற்ற குழந்தைக்கு எதிராகத் தன் ஊழியனைக் காக்க அதே உரிமையை எடுத்துக் காட்டும்போது, அது கோல்மன் கேட்ட உரிமையே அல்ல. பாவி முழந்தாளிட்டுச் சொல்லும் அந்த ஒரு நிகழ்ச்சியின் இரகசியத்தை நான் காக்கச் சொல்வேன். அங்கே கதவை உடைத்தால் உள்ளே யாரும் வரமாட்டார்கள், குழந்தையை விட்டுவிட்டுச் சரணடை என்று சொல்லும் குரலும் அவன் காதில் விழாது. ஆனால் மேற்றிராணியாரின் அலுவலகத்துக்கு வந்த புகார்க் கடிதமும், பெற்றோர் அழுதுகொண்டு வந்து சொன்ன முறையீடும், குற்றம் செய்தவரை இரவோடிரவாக வேறு ஊருக்கு மாற்றிய உத்தரவும் பாவசங்கீர்த்தனமல்ல. அவற்றின்மேல் குருத்துவத்தின் போர்வையைப் போர்த்தியவர்கள், தங்கள் முன்னோர் சிறைபுகத் துணிந்து காத்த ஓர் உரிமையைத் தங்கள் கையாலேயே கறைப்படுத்தினார்கள்.

நம் நாட்டில் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் வருஷத்துச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, இத்தகைய குற்றம் நடந்ததை அறிந்த எவரும் போலீஸாருக்கு அறிவிக்க வேண்டும் என்று சொல்லுகிறது; குருவுக்கோ போதகருக்கோ அதில் விலக்கில்லை. அறிவிக்கத் தவறுகிறவருக்கு ஆறு மாதம் வரை சிறையும், தம் கீழுள்ளவர் செய்ததை அறிவிக்கத் தவறும் ஸ்தாபனத் தலைவருக்கு ஒரு வருஷம் வரை சிறையும் 21ஆம் பிரிவு விதிக்கிறது. இந்த இரண்டாவது விதி, மேலே சொன்ன அலுவலக இரகசியங்களை நேராகத் தாக்குவது. அதை நான் மனமார வரவேற்கிறேன். ஸ்டீபனின் சட்டத்துக்குப் பதிலாக வந்து, 2024 ஜூலை முதல் தேதி முதல் நடைமுறையிலிருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமம், வக்கீலின் இரகசியத்தை 132ஆம் பிரிவில் வைத்துக் காத்து, குருவைப் பற்றி ஸ்டீபன் சொல்லாததைத் தானும் சொல்லாமல் விட்டது. எனவே தூத்துக்குடியிலோ நாகர்கோவிலிலோ ஒரு குருவானவர் நாளைச் சாட்சிக் கூண்டில் ஏறி, கோல்மன் சொன்னதைச் சொல்வாரேயானால், அவர் எடுத்துக் காட்டுவதற்கு அரசியல் சாசனத்தின் 25ஆம் ஷரத்து ஒன்றே உண்டு. மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் சமய அனுஷ்டான உரிமையையும் அளித்து, பொது அமைதிக்கும் ஒழுக்கத்துக்கும் சுகாதாரத்துக்கும் உட்பட்டது என்று நிபந்தனையும் விதிக்கும் அந்த ஷரத்து, நியூயார்க்கின் 1777ஆம் வருஷத்து வாசகத்துக்குப் பெரிதும் அணுக்கமானது.